முப்பத்திரண்டு பேரும் என் அண்ணனும்

என் அண்ணிக்குச் சுற்றுலா நிறுவனம் ஒன்றில் வேலை. முப்பது, முப்பத்திரண்டு பேரை விமானத்தில் ஏற்றி, வேறொரு நாட்டில் இறக்கி, பன்னிரண்டு நாள் பஸ்ஸில் ஊர் ஊராகக் கூட்டிப்போய், ஒருவர் குறையாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கேட்க ஜாலியாகத்தான் இருக்கும். ஒருவருக்கு ஜன்னல் ஓரம் வேண்டும், இன்னொருவருக்கு ஜன்னல் ஓரம் என்றாலே குமட்டும். ஒருவர் பாஸ்போர்ட்டைத் தலையணைக்கு அடியில் விட்டுவிட்டு வந்து நிற்பார். ஒரு அம்மாளுக்குச் சோறு இல்லாமல் ஒரு வேளையும் ஓடாது. அவர் வீட்டுக்காரருக்கோ இவ்வளவு தூரம் வந்தும் சோறா என்று கோபம். இத்தனையையும் அண்ணி ஒற்றை மைக்கை வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் சமாளித்திருக்கிறார்.

அந்த மைக்குக்குத் தீனி போட்டது என் அண்ணன்.

அண்ணன் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தான். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன், அதனால் எனக்கு என்றைக்கும் அவன் 'அவன்'தான். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவதில் கெட்டிக்காரன். ஆனால் வழி என்ற ஒன்று மட்டும் அவன் மண்டையில் ஏறவே ஏறாது. பிறந்து வளர்ந்த தெருவிலேயே இரண்டு முறை திரும்பினால் மூன்றாவது முறை யாரையாவது கேட்பான். பஸ் மலை ஏறத் தொடங்கி ஆட்கள் முகம் வெளிறும்போது அண்ணி மைக்கை எடுப்பாராம்.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடற மனுஷன், நம்ம வீட்டை மட்டும் கண்டுபிடிக்க மாட்டார். ஒருநாள் பால் வாங்கப் போனார். ஒரு மணி நேரம் கழிச்சு வர்றார், கூடவே முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆள். யாருங்க இவர்னா, 'வழி காட்டக் கூட்டிட்டு வந்தேன், பாவம், ஒரு டீ போட்டுக் கொடு'ங்கறார். சரி, பால் எங்கன்னேன். அதை வாங்கத்தான் மறந்துட்டாராம்."

பஸ்ஸே குலுங்கும். எனக்கு இது பிடிக்கவில்லை என்பதை மறைக்கப் போவதில்லை. ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒருவர் என்னிடம் வந்து, "நீங்கதானே அந்த வழி தெரியாதவரோட தங்கச்சி?" என்று கேட்டுவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் பொரிந்து தள்ளினேன். நாலு பேர் முன்னாடி உன் மானத்தைக் கப்பலேற்றுகிறார்களே, உனக்கு ரோஷமே இல்லையா என்றேன். அவன், "எந்தக் கதைக்குச் சிரிச்சாங்கன்னு கேட்டியா?" என்றான். பிறகுதான் தெரிந்தது, சரக்கு சப்ளை செய்வதே அவன்தான். அண்ணி எந்த நாட்டில் இருந்தாலும் சாயங்காலம் போன் போட்டு, "இன்னைக்கு ஒண்ணு நடந்துச்சு, உன் பஸ்ஸுக்கு ஆகும், குறிச்சுக்கோ" என்பானாம். இப்படி ஒரு புருஷன் பெண்டாட்டியை நான் பார்த்ததில்லை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி யாராவது துருவினால் அண்ணி, "எனக்கு மாசா மாசம் முப்பது பேர். இதுக்கு மேல தாங்காது" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கடையில் ஒரு பெண்ணுக்கு ஃபிரேம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவன், "கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான். ஐம்பத்து நான்கு வயது. மாடியில் அண்ணி அடுத்த பயணத்துக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் கீழ் வீடு. போன் எனக்குத்தான் முதலில் வந்தது. படியேறிப் போய்ச் சொன்னவள் நான். கையில் மடித்துக்கொண்டிருந்த சட்டையை அண்ணி முழுதாக மடித்து முடித்து, பெட்டிக்குள் வைத்து, மூடிய பிறகுதான் என்னைப் பார்த்தார்.

ஐந்து வாரம் வீட்டில் இருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் காபி கலந்து கொடுத்தார். பிறகு ஒருநாள், "வர்ற திங்கட்கிழமை கிளம்பறேன்" என்றார். சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா. அதற்குள் பஸ்ஸில் மைக் பிடித்து ஆட்டம் போடப் போகிறாளா என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். கேட்டே விட்டேன்.

"அண்ணி, இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டுப் போனா என்ன?"

"இங்க உட்கார்ந்தா படிக்கட்டுல செருப்புச் சத்தம் கேக்குதான்னே காது கொடுத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். "அங்க போனா முப்பத்திரண்டு பெட்டி எண்ணணும், முப்பத்திரண்டு பேரை எண்ணணும். எண்ணறப்போ வேற எதுவும் ஓடாது. அதுக்குத்தான் போறேன்."

நான் வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போகவில்லை.

அண்ணி அப்போது போன நாட்டில் அவர் பஸ்ஸை எப்போதும் ஓட்டுகிறவர் நம் பக்கத்திலிருந்து போய் இருபது வருடமாக அங்கேயே குடியிருப்பவர். பஸ்ஸைக் கப்பல் மாதிரி அலுங்காமல் திருப்புவதால் அண்ணி அவருக்குக் கேப்டன் என்று பெயர் வைத்திருந்தார். செய்தி கேட்டு எங்கள் வீட்டுக்குப் போன் செய்து அழுதவர் அவர். வந்திறங்கிய அன்று அவர் அண்ணியின் கைப்பெட்டியை மட்டும் வாங்கித் தன் இருக்கைக்குப் பின்னால் வைத்தார். பயணிகள் யாருக்கும் எதுவும் தெரியாது. நிறுவனமும் சொல்லவில்லை, அண்ணியும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் ஆறு மணி நேர மலைப் பாதை. முன் இருக்கைக்கு இரண்டு குடும்பங்கள் முட்டிக்கொண்டன. பின்னால் ஒருவர் வாந்தி எடுத்தார். பஸ்ஸுக்குள் எல்லோர் முகமும் கடுகடுவென்று இருந்தது. அண்ணி மைக்கை எடுத்தார். என்ன பேசுவது என்று யோசிக்கவே இல்லையாம். பதினைந்து வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என் வீட்டுக்காரர் ஒருத்தர் இருக்காரு பாருங்க…"

'இருக்காரு' என்று சொன்னபோதே கேப்டனின் கண்கள் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் நிமிர்ந்து தன்னைப் பார்த்ததை அண்ணி கவனித்தார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பால் கதையைச் சொன்னார். கூட்டம் சிரித்தது. அடுத்தவர் ஸ்கூட்டரில் சாவி பொருந்திவிட்டது என்று அதையே வீட்டுக்கு ஓட்டி வந்த கதையைச் சொன்னார். முட்டிக்கொண்ட இரண்டு குடும்பமும் சேர்ந்து சிரித்தன. அன்று மதியம்தான், ஐந்து வாரத்துக்குப் பிறகு, ஒரு தட்டுச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாராம்.

அதன் பிறகு தினம் ஒன்று. பயணிகளுக்கு அண்ணன் செல்லப் பிள்ளை ஆகிவிட்டான். காலையில் பஸ் ஏறும்போதே, "வீட்டுக்காரர் இன்னைக்கு எங்க தொலைஞ்சாரு?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார்கள். தனியாக வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "எனக்கும் அவருக்கும் ஒரே வியாதிம்மா. முப்பது வருஷம் ஒரே பள்ளிக்கூடத்துல இருந்தேன், லேப் எந்தப் பக்கம்னு கேட்டுத்தான் போவேன்" என்றார். அறுபது வயது தாண்டிய அக்கா தங்கை இருவர் வந்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிற ஜோடி. அண்ணன் விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. அவர் அப்படியெல்லாம் ஏமாளி இல்லை, மனைவி தன்னைத் தேட வேண்டும் என்பதற்காகவே தொலைகிறார் என்று இருவரும் சேர்ந்து தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்.

ஆறாம் நாள் சாயங்காலம் கடைத்தெருவில் சுற்றிவிட்டு வந்த அந்தச் சகோதரிகள் அண்ணியிடம் ஒரு காகிதப் பையை நீட்டினார்கள். உள்ளே கம்பளிக் குல்லாய். "உங்க வீட்டுக்காரருக்கு. சிவப்புல எடுத்தோம், தொலைஞ்சா தூரத்துலேயே தெரியும்" என்றாள் அக்கா. "கடைசி நாள் ஏர்போர்ட்டுக்கு வருவாருல்ல? நாங்க ஒரு தடவை பாக்கணும்" என்றாள் தங்கை.

"வழி தெரிஞ்சா வருவார்" என்றார் அண்ணி.

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போனார்கள். அண்ணி அறைக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தரையில் உட்கார்ந்து எனக்குப் போன் செய்தார். அங்கே ஐந்து மணி. இங்கே நான் துவைத்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன்" என்றார். எல்லாவற்றையும் சொன்னார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என் அண்ணனை நாங்க கொண்டுபோய் விட்டுட்டு வந்திருக்கோம், நீங்க அங்க உட்கார்ந்து அவன் உயிரோட இருக்கான்னு கதை சொல்றீங்களா?" என்றேன். இன்னும் ஏதேதோ சொன்னேன், அதையெல்லாம் இங்கே எழுத வேண்டாம். அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அது மட்டும் இல்லை. இருந்த கதையெல்லாம் தீர்ந்துபோச்சு. நேத்திலிருந்து நானா சேர்த்துச் சொல்றேன். நடக்காததையெல்லாம் சொல்றேன்" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"விடு."

"சொல்லுங்க அண்ணி. என்ன சொன்னீங்க அவனைப் பத்தி?"

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார். "ஹோட்டல் லிஃப்டுல ஏறினாராம். எந்தப் பொத்தானையும் அமுக்கலை. பத்து நிமிஷம் அப்படியே நின்னாராம். யாரோ வெளியிலிருந்து அமுக்கிக் கதவு திறந்துச்சு. அதே இடம். வெளியே வந்து சுத்திப் பார்த்துட்டு, 'பரவாயில்லை, எல்லா மாடியையும் ஒரே மாதிரி கட்டியிருக்காங்க'ன்னாராம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று அடக்கினேன், முடியவில்லை. துணிக் குவியலை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தேன். அவன் இருந்திருந்தால் இதை நிச்சயம் செய்திருப்பான். அதே 'பரவாயில்லை'யோடு சொல்லியிருப்பான். அவன் போன பிறகு அவன் குரல் என் காதில் விழுந்தது அன்றுதான். அண்ணியும் அந்தப் பக்கம் சிரித்தார், அழுதார், இரண்டும் கலந்து வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "அவங்ககிட்ட சொல்லிடுங்க அண்ணி" என்றேன். "அந்தக் குல்லாயை நீங்க தனியா தூக்கிட்டு வர முடியாது."

மறுநாள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். காலையில் பஸ் ஏறும் முன் கேப்டனிடம் சொன்னபோது அவர், "சொல்லுங்க அக்கா. ரெண்டு நாளா ரூம் சாவியை மாத்தி மாத்திக் கொடுக்கறீங்க. நான்தான் பின்னாடியே போய்ச் சரி பண்றேன்" என்றாராம். அண்ணிக்கு அது தெரியவே தெரியாது.

வழியில் டீ குடிக்க ஒரு இடத்தில் பஸ் நின்றது. எல்லோரும் திரும்பி ஏறினார்கள். அண்ணி இருக்கைகளின் முதுகைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே பின்னால் போனார். மனசுக்குள் எப்படித் தொடங்குவது, என்ன வார்த்தை சொல்வது என்று ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு. சரி. பஸ் கிளம்பியது. இருபது நிமிடம் போன பிறகு அக்காக்காரி எழுந்து, "தலைமையாசிரியர் சீட்டுல அவர் கோட்டு மட்டும்தான் இருக்கு" என்றாள்.

பதினைந்து வருடத்தில் அண்ணி ஆளை விட்டுவிட்டு வந்ததே இல்லை. நீளமான கோட்டு, இருக்கையின் தலைமேல் மாட்டி, மேலே தொப்பியும் வைத்திருந்தார் மனிதர். அதைத் தொட்டு ஆள் என்று அண்ணி எண்ணியிருக்கிறார். கேப்டன் உடனே பஸ்ஸைத் திருப்பினார். திரும்பும் வழியெல்லாம் அண்ணி கதவுப் படியிலேயே நின்றுகொண்டு வந்தார். அந்தக் குளிரில் கோட்டு இல்லாத எழுபது வயதுக்காரர்.

அவர் டீக்கடைக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், இரண்டாவது டீயோடு சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். கழிப்பறையிலிருந்து தவறான கதவு வழியாக வெளியேறிவிட்டாராம். அண்ணியைப் பார்த்ததும் எழுந்து, "பதறாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரரா இருந்தா என்ன பண்ணியிருப்பார்னு யோசிச்சேன். உட்கார்ந்த இடத்தை விட்டு நகர மாட்டார்னு தோணுச்சு. நானும் நகரலை" என்றார்.

அண்ணி அவர் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினார். கோட்டை எடுத்து மாட்டிவிட்டார். மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். இன்னைக்கு நான் தப்பா எண்ணிட்டேன். ஏன்னு சொல்லிடறேன். என் வீட்டுக்காரர் இப்ப இல்லை. போய் ஆறு வாரம் ஆச்சு. உங்ககிட்ட இருக்காருன்னு சொன்னேன். முதல் தடவை வாய் தவறி வந்துச்சு. அதுக்கப்புறம் வேணும்னேதான் சொன்னேன். நீங்க சிரிக்கறப்போ அவர் இருக்கற மாதிரியே இருந்துச்சு."

பஸ் அசையாமல் இருந்தது. எஞ்சின் சத்தம்கூட இல்லை. கேப்டன் அணைத்திருந்தார்.

நடு வரிசையில் ஒரு அம்மாள், சோறு இல்லாமல் ஆகாது என்றவர் மாதிரியே ஒருவர் அந்தக் கூட்டத்திலும் இருந்தார், அவர்தான் முதலில் பேசினார். "ஏம்மா, இப்படியா பண்ணுவே? நாங்க அந்த மனுஷனை நினைச்சுப் பல்லை இளிச்சோமே. எங்களுக்கு எவ்வளவு பாவம்" என்றார். குரலில் கோபம் நிஜமாகவே இருந்தது.

"பாவம் இல்லைங்க. நீங்க சிரிச்சதாலதான் இந்த ஒரு வாரமா எனக்குச் சோறு இறங்குச்சு" என்றார் அண்ணி.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அண்ணியையே முறைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து மைக்கைக் கையிலிருந்து பிடுங்கிக் கொக்கியில் மாட்டி, "உட்காரு முதல்ல" என்று முன் இருக்கையில் அண்ணியைத் தள்ளி உட்கார வைத்துத் தன் சால்வையைப் போர்த்திவிட்டார். யாரும் ஆறுதலாகப் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. தலைமையாசிரியர் மட்டும் ஒன்று கேட்டார்: "லிஃப்ட் கதை நிஜமாம்மா?" இல்லை, நான் கட்டினது என்றார் அண்ணி. "நல்லா இருந்துச்சு. அவரேதான்" என்றார் அவர். அண்ணி கண்ணை மூடினார். இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கியதாகக் கேப்டன் பிறகு என்னிடம் சொன்னார்.

மிச்சம் இருந்த ஐந்து நாளும் கூட்டம் அண்ணியை எண்ண விடவில்லை. ஒவ்வொரு இடத்திலும் பஸ்ஸுக்கு முன்னால் வரிசையாக நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி, ஒண்ணு, ரெண்டு என்று தாங்களே உரக்கச் சொல்லிவிட்டு ஏறினார்கள். சாவிக் கவர்களைச் சகோதரிகள் எடுத்துக்கொண்டார்கள். அதிலும் சண்டைதான். ஒருத்தி அறை எண் படிக்க, இன்னொருத்தி அதைத் திருத்த, ஹோட்டல் வாசலில் அரை மணி நேரம் வீணானது. ஏரிக்கரையில் ஒருநாள் அண்ணி எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதார். யாரோ டீ வாங்கி வந்து கையில் கொடுத்தார்கள். மற்றவர்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

இந்த முறை நான் விமான நிலையத்துக்குப் போனேன். அண்ணி எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்த்ததும் பெட்டி வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தார். நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்து நிற்க, பின்னால் முப்பத்திரண்டு பேரும் வண்டிகளோடு வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒரு காவலர் நகரச் சொன்னார். யாரும் நகரவில்லை.

பிறகு ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். "நீங்கதான் தங்கச்சியா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே உற்றுப் பார்த்தார்கள். அவர்கள் என்ன தேடுகிறார்கள் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. தலைமையாசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அவருக்கும் இதே மூக்கா?" என்றார்.

"இதைவிடப் பெருசு சார்" என்றேன்.

"நினைச்சேன்" என்றார், ரொம்பத் திருப்தியாக.

சிவப்புக் குல்லாயைத் திருப்பி வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று சகோதரிகள் அங்கேயும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணி அதைக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தோம். அண்ணன் தலைக்கு அது போதவே போதாது. கடைசியில் என் வீட்டுக்காரர் காலை நடைக்குப் போட்டுக்கொண்டு போகிறார்.

அண்ணி அதன் பிறகு ஒரு மாதம் விடுப்பு எடுத்தார். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பகலிலும் தூங்கினார். தூக்கம் தெளிந்தால் நாங்கள் இருவரும் அண்ணனைப் பற்றிப் பேசினோம். எனக்குத் தெரியாத கதை அவரிடமும், அவருக்குத் தெரியாத சின்ன வயதுக் கதை என்னிடமும் நிறைய இருந்தன. அவனுக்கு ஏழு வயதில், மழைக்கு ஒதுங்கிய வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கிவிட்டு மறுநாள் வந்ததைச் சொன்னேன். அண்ணி நோட்டு எடுத்து வந்து குறித்துக்கொண்டார்.

மறுபடி வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. மைக்கில் இப்போதும் அண்ணன் வருகிறான், 'இருந்தார்' என்று. அந்தச் சொல்லைக் கேட்டதும் பஸ் கொஞ்சம் கப்சிப் ஆகுமாம். முதல் பயணத்தில் அந்த அமைதி தாங்க முடியாமல் பாதியில் விட்டுவிட்டார். இப்போது பதறுவதில்லை. "அஞ்சு வரைக்கும் எண்ணுவேன். அதுக்குள்ள யாராவது ஒருத்தர் 'அப்புறம்?'னு கேட்டுடுவாங்க" என்கிறார். எல்லாப் பயணமும் அப்படி லேசாகப் போவதில்லை. போன மாதம் ஒரு ஹோட்டலில் அண்ணன் தேய்த்துப் பொருத்தியது போலவே ஒரு கண்ணாடியை யாரோ போட்டிருக்க, அன்று முழுக்க ஒரு வார்த்தை பேச முடியவில்லையாம். கேப்டன் அன்று மைக்கை வாங்கிப் பாட்டுப் பாடியிருக்கிறார். சுதி சேரவில்லையென்று அண்ணி சொன்னார்.

நேற்றுப் போனில் பேசும்போது சாப்பாடு, குளிர், பெட்டி தொலைந்த கதையெல்லாம் சொல்லிவிட்டு, திடீரென்று, "மாடியில படுக்கை அறைக்குக் கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல் வெச்சா நல்லா இருக்கும்ல? அந்த ரூமுக்குள்ள வெயிலே வரமாட்டேங்குது" என்றார். அவன் போன பிறகு அந்த வீட்டில் ஒரு ஆணியைக்கூட அவர் மாற்றி அடித்ததில்லை.

கொத்தனாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அண்ணி வெள்ளிக்கிழமை வந்துவிடுவார். சனிக்கிழமை காலை வந்து அளவெடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார் கொத்தனார்.